மூன்று டிஸ்க்கும் 140-லேயே நின்றதற்குக் காரணம் கிடைத்துவிட்டது

இரண்டு வாரமாக இழுத்தடித்த பிரச்சினை நேற்றிரவு தீர்ந்தது. வீட்டு ஃபைல் சர்வரில் இருக்கும் எஸ்எஸ்டி, நொடிக்கு 140 எம்பிக்கு மேல் ஏற மறுத்தது. இப்போது 530!

டிரிம், ஷெட்யூலர், ஃபைல் சிஸ்டம் என்று வழக்கமான இடங்களில் துழாவியே ஒரு வாரம் போயிற்று. கடைசியில் பக்கத்திலிருந்த இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளையும் அளந்து பார்த்தேன். வெளி விளிம்பில் 200 தரக்கூடிய அவையும் 140-ஐ ஒட்டியே நின்றன. மூன்று வேறு வேறு டிஸ்க்குகள் ஒரே எண்ணில் முட்டி நின்றால் கோளாறு டிஸ்க்கில் இல்லை. டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா 1.5 ஜிகாபிட் வேகத்தில் ஓடினால், 8 பிட் தரவுக்கு 10 பிட் போவதால் மிஞ்சுவது நொடிக்கு 150 எம்பிதான். அந்தக் கூரையில்தான் மூன்றும் தலை இடித்துக்கொண்டிருந்தன.

பூட் லாகில் லினக்ஸ் கெர்னல் எல்லாவற்றையும் சொல்லியிருந்தது. ஃபோர்ஸ் என்று தொடங்கும் வரிகள், 1.5 ஜிகாபிட் வரம்பு, இணைப்பின் வேக வரம்பை வைத்திருக்கும் எஸ்கன்ட்ரோல் பதிவேட்டில் 300-க்குப் பதில் 310, என்சிக்யூ (டிஸ்க் பல கோரிக்கைகளை ஒன்றாக வாங்கி வரிசைப்படுத்தும் வசதி) பயன்பாட்டில் இல்லை என்ற குறிப்பு. பூட்லோடரான கிரப்பில் கெர்னலுக்குக் கொடுக்கும் வரியைத் திறந்தால், வேகத்தை 1.5 ஜிகாபிட்டுக்குக் கட்டி என்சிக்யூவையும் அணைக்கும் லிப்ஏடிஏ ஃபோர்ஸ் என்ற அமைப்பு அங்கே இருக்கிறது. முன்பு ஒரு ஹார்ட் டிஸ்க் எஃப்பிடிஎம்ஏ பிழைகளாக (என்சிக்யூ கட்டளைகள் தோற்கும் பிழைகள்) கொட்டியபோது நான் போட்டது. பிறகு கேபிளை மாற்றினேன், பிழை நின்றது, இது மட்டும் தங்கிவிட்டது. அதோடு போர்ட் எண்ணையும் நான் கொடுக்கவில்லை. எண் இல்லையென்றால் அது எல்லா போர்ட்டுக்கும் பொருந்தும். அதனால் ஒரு டிஸ்க்குக்குப் போட்ட கட்டு, பின்னால் வாங்கிய எஸ்எஸ்டியையும் சேர்த்துக் கட்டிவிட்டது.

வேக வரம்பு, என்சிக்யூ தடை இரண்டையும் ஒன்றாக எடுக்காமல் தனித்தனியாக எடுத்தேன். அது நல்லதாகப் போயிற்று. வேக வரம்பை எடுத்ததும் தொடர் வாசிப்பு 530-க்குப் போனது. ஆனால் எஸ்எஸ்டியில் அங்கங்கே சிறு துண்டுகளாகப் படிக்கும் 4கே ரேண்டம் வாசிப்பு, எஃப்ஐஓ என்ற அளவிடும் கருவியில் ஒரே நேரத்தில் 32 கோரிக்கைகள் கொடுத்தும், 9,000 ஐஓபிஎஸ் (நொடிக்கு வாசிப்புகள்) தாண்டவில்லை. டிஸ்க்குக்கு ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கை அனுப்பலாம் என்று சொல்லும் க்யூ டெப்த் ஃபைலில் 1 என்று இருந்தது. அதில் 32 எழுதப் பார்த்தால் செல்லாத மதிப்பு என்று திருப்பி அனுப்புகிறது. இந்த இடத்தில் ஒரு மாலை முழுக்கச் செலவானது. என்சிக்யூவை பூட் வரியிலேயே அணைத்திருந்தால் ஓடும்போது அதை எழுப்ப வழியில்லை. வரியை நீக்கி ரீபூட் செய்வதுதான் ஒரே வழி. கிரப் ஃபைலைத் திருத்தியது போதாது, கிரப் கட்டமைப்பையும் மறுபடி உருவாக்க வேண்டும். நான் இப்போது ஒவ்வொரு முறையும் கெர்னல் எந்த வரியோடு பூட் ஆனது என்று காட்டும் ப்ராக் சிஎம்டிலைனைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அளக்கத் தொடங்குகிறேன்.

என்சிக்யூ வந்ததும் எஸ்எஸ்டி 88,000 ஐஓபிஎஸ் தொட்டது. எனக்கு அதைவிட மகிழ்ச்சி ஹார்ட் டிஸ்க்கில்தான்: 80 ஐஓபிஎஸ்ஸிலிருந்து 170. காத்திருக்கும் கோரிக்கைகளை டிஸ்க்கே தலை நகரும் தூரத்துக்கு ஏற்ப வரிசை மாற்றிக்கொள்கிறது. சுழலும் டிஸ்க்கில் என்சிக்யூவை அணைப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை எண்ணாகப் பார்த்தபோதுதான் உறைத்தது.

கேபிள் பற்றி ஒரு வார்த்தை. விற்பவர்கள் நீளத்தையும் நிறத்தையும் எழுதுகிறார்கள்; இரு முனையிலும் உலோகக் கிளிப் இருக்கிறதா என்பதைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. கிளிப் இல்லாததை இனி தொடமாட்டேன்.

அடுத்து ஒரு எச்பிஏ கார்டு (கூடுதல் டிஸ்க் போர்ட்டுகள் தரும் கார்டு) போட்டு ஹார்ட் டிஸ்க்குகளை அதற்கு மாற்றும் எண்ணம் இருக்கிறது. அதற்கு முன், முன்பு பிழை கொட்டிய அந்த ஹார்ட் டிஸ்க்கின் போர்ட்டைச் சோதித்து முடிக்க வேண்டும். டிஸ்க் தன் நிலையைத் தானே பதியும் ஸ்மார்ட்டில் 199-ஆம் வரி, அதாவது கேபிளில் தரவு கெட்டுப்போவதைக் காட்டும் சிஆர்சி பிழை எண்ணிக்கை, 412-ல் நிற்கிறது. பழைய கேபிள் விட்டுப்போன கணக்கு, அது குறையாது. நேற்றிரவிலிருந்து அந்த டிஸ்க்கில் நிறுத்தாமல் நகலெடுப்பு ஓடுகிறது. இதுவரை 412-தான். ஏறினால் என்சிக்யூ தடையைத் திரும்பப் போடுவேன், இந்த முறை அந்த ஒரு போர்ட் எண்ணோடு.