சாவு வராதவர்கள்

ஜூன் 4
'டிராகுலா' (1897) மறுவாசிப்பு முடிந்தது. நாவல் முழுக்க நாட்குறிப்பும் கடிதமும்தான். ஆனால் ரத்தக்காட்டேரியான டிராகுலா பிரபுவின் நாட்குறிப்பு மட்டும் அதில் இல்லை. பல நூறு வருஷம் அந்தக் கோட்டையில் எப்படிப் பொழுது போனதோ! உடல் தூளாகும் நொடியில் அவர் முகத்தில் ஓர் அமைதி தெரிந்ததாக, அவரை வேட்டையாடும் கூட்டத்தில் இருக்கும் மினா எழுதுகிறாள். எனக்கு அந்த வரி போதும்.

ஜூன் 9
'டிராகுலா'வுக்கும் அரை நூற்றாண்டு முந்தைய 'வார்னி' என்ற ரத்தக்காட்டேரித் தொடர்கதை. இழுவையோ இழுவை, பாதியைத் தள்ளித் தள்ளித்தான் படித்தேன். வார்னி செத்தாலும் நிலவொளி பட்டால் பிழைத்துவிடுவான். வாழ்க்கை வெறுத்துப்போய்க் கடைசியில் வெசுவியஸ் எரிமலைக்குள் குதிக்கிறான். உடல் மிஞ்சினால்தானே நிலவு படும்!

ஜூன் 15
ஆன் ரைஸின் 1976 நாவல், 'இன்டர்வியூ வித் த வேம்பயர்'. கதை சொல்லும் ரத்தக்காட்டேரி லூயி புலம்பித் தள்ளுகிறான், சரி, புலம்பட்டும். என்னைத் தூங்கவிடாதவள் கிளாடியா. ஐந்து வயதில் ரத்தக்காட்டேரி ஆக்கப்பட்டவள். பல பத்தாண்டுகள் கழித்தும் அதே சுருள்முடி, அதே குட்டிக் கைகள்; உள்ளே முழுப் பெண். பாரிஸில் பொம்மை செய்பவளிடம் குழந்தைப் பொம்மை வேண்டாம், பெரிய பெண்ணின் உருவத்தில் செய்து கொடு என்று கேட்டு வாங்குகிறாள். வாங்கியதைக் கைக்குள் வைத்து நொறுக்குகிறாள். பிரியமானவர்கள் ஒவ்வொருவராகச் சாவதைப் பார்க்கும் சோகத்தை எல்லாரும் எழுதிவிட்டார்கள். தன் உடம்பே தன்னோடு வளர மறுப்பது வேறு கொடுமை. ரைஸின் மகள் ஆறு வயதுகூட நிறையாமல் 1972-இல் ரத்தப் புற்றுநோயில் இறந்தாள். அதை நினைத்துக்கொண்டே அந்தப் பக்கங்களை மறுபடி படிக்கத் தைரியம் வரவில்லை.

ஜூன் 17
ரைஸின் அதே நாவலில் ஆர்மண்ட் என்ற மூத்த ரத்தக்காட்டேரி சொல்வது: சாகாவரம் பெற்றவர்களில் பலருக்கு அதைத் தாங்கும் தெம்பு இல்லை. தாங்கள் பழகிய உடை, வண்டி, பேச்சு எல்லாம் அப்படியே நிற்க வேண்டும் என்கிறார்கள். உலகம் நிற்பதாயில்லை. ஒருநாள் தாங்களே சாகப் போய்விடுகிறார்கள். அவனுக்கோ நடப்புக் காலத்தோடு தன்னைக் கோத்துவைக்க லூயி தேவை. காதல் என்றாலும் அதில் பிழைப்பும் கலந்திருக்கிறது.

ஜூன் 22
சூசி மெக்கீ சார்னஸின் 'தி வேம்பயர் டேப்பஸ்ட்ரி' (1980). இதில் வரும் ரத்தக்காட்டேரி வெய்லண்ட் நெடுந்தூக்கம் போடுவார். எழும்போது முந்தைய வாழ்வின் மனிதர்கள் நினைவிலிருக்க மாட்டார்கள். நல்ல ஏற்பாடு என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் இந்த முறை அவருக்கு மனிதர்கள்மேல் பிடிப்பு வந்துவிடுகிறது. மறந்தால்தான் பிழைக்க முடியும் என்று தெரிந்தே தூங்கப் போகிறார். வார்னியின் எரிமலையைவிட இது எனக்குக் கொடூரமாகப் படுகிறது.