பப்மெட்டில் தேடுவதற்கு முன் மெஷ்

பப்மெட் என்ற இணையத் தரவுத்தளத்தில் மருத்துவக் கட்டுரை தேட உதவி கேட்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் திறந்து காட்டுவது மெஷ் (MeSH) பட்டியலைத்தான். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1960 முதல் பராமரித்துவரும் பொருள் தலைப்புகளின் தொகுப்பு அது; ஒரு கட்டுரை எதைப் பற்றியது என்று காட்ட அதிலிருந்து தலைப்பு ஒதுக்குவார்கள். ஒருவர் ‘ஹார்ட் அட்டாக்’ என்று எழுதியிருப்பார், அதையே இன்னொருவர் ‘மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்’ என்பார். மெஷ்ஷில் இரண்டுக்கும் ஒரே தலைப்பு.

எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் கிளை அமைப்பு. ‘டயாபடீஸ் மெலைடஸ்’ என்று கொடுத்தால் டைப் 1, டைப் 2, கர்ப்பகால நீரிழிவு எல்லாம் தானாகவே சேர்ந்துகொள்ளும். கிளைகள் வேண்டாமென்றால் அதற்கான கட்டத்தில் டிக் செய்தால் போதும்.

சரி, மெஷ் மட்டும் போதுமா? போதாது. புத்தம் புதுக் கட்டுரைகள் சிலவற்றுக்கு இன்னும் மெஷ் தலைப்பு ஒதுக்கியிருக்க மாட்டார்கள். அதனால் வழக்கமான சொற்களைக் கட்டுரைத் தலைப்பிலும் சுருக்கத்திலும் தேடி, மெஷ் தேடலோடு ‘ஆர்’ (OR, ‘அல்லது’) போட்டு இணைத்துவிடுங்கள்.