எஸ்எம்எஸ் வருகிறது, கணக்கு மட்டும் வரவில்லை

வீட்டு வரவுசெலவை ஒரு கைப்பேசிச் செயலியில் பார்த்து வருகிறேன். சேமிப்புக் கணக்குகளின் பரிவர்த்தனைகள் தாமாகவே அதில் வந்து சேர்ந்துவிடும். மார்ச் கடைசியில், ஆண்டுக் கணக்கு முடிக்கிற நேரம் பார்த்து, பொதுத்துறை வங்கிக் கணக்கு மட்டும் நின்றுபோனது. "தரவைப் பெற இயலவில்லை, பிறகு முயலவும்." செயலியின் உதவி மையம் சொன்னபடி இணைப்பை நீக்கிவிட்டு மறுபடி சேர்க்கப் போனால், அந்தக் கணக்கு பட்டியலிலேயே இல்லை. வங்கியின் உதவி எண்ணில் கேட்டால், "செயலிக்காரர்களிடம் கேளுங்கள்" என்றார்கள். செயலிக்காரர்கள் வங்கியைக் கைகாட்டினார்கள்.

இருவருக்கும் நடுவில் ஒருவர் இருக்கிறார் என்பதை யாரும் சொல்லவில்லை. நம் நாட்டில் இத்தகைய செயலிகள் வங்கியிடம் நேரடியாகப் பேசுவதில்லை. ரிசர்வ் வங்கி 2016 செப்டம்பரில் விதிமுறை வகுத்து, 2021 செப்டம்பரில் பரவலாக நடைமுறைக்கு வந்த 'அக்கவுன்ட் அக்ரிகேட்டர்' நிறுவனங்கள் வழியாகத்தான் தரவு வருகிறது. நாம் ஒப்புதல் கொடுக்கிறோம்; வங்கி தரவைப் பூட்டி அனுப்புகிறது; அக்ரிகேட்டர் அதைத் திறந்து பார்க்க முடியாமல் செயலியிடம் சேர்க்கிறது. நெட்பேங்கிங் கடவுச்சொல்லுக்கு இதில் வேலையே இல்லை. அதைக் கேட்கிற செயலி எதுவானாலும் அப்போதே அழித்துவிடுவது நல்லது.

ஆக, கோளாறு மூன்று இடங்களில் ஒன்றில் இருக்க வேண்டும். எது என்று கண்டுபிடிக்க எனக்கு உதவியது ஓர் எளிய சோதனை. உரிமம் பெற்ற அக்ரிகேட்டர்கள் பலர் உண்டு. அவர்களுக்கென்று தனிச் செயலிகளும் உண்டு. வேறொரு அக்ரிகேட்டரின் செயலியை நிறுவி, அதே கைப்பேசி எண்ணால் பதிவுசெய்து, சேமிப்புக் கணக்குகளைத் தேடச் சொன்னேன். மற்ற இரண்டு வங்கிகளும் உடனே வந்து நின்றன. இது மட்டும், "இந்த எண்ணில் சேமிப்புக் கணக்கு எதுவும் இல்லை." அப்போதே தெரிந்துவிட்டது: குறை வங்கியின் பதிவேட்டில் இருக்கிறது. அந்தத் திரையைப் படம் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போனேன்.

கவுண்ட்டரில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "மெசேஜ் வருகிறதே சார், அப்புறம் என்ன?" என்றார். நியாயமான கேள்விதான். பணம் எடுத்தால், போட்டால், எல்லாவற்றுக்கும் எஸ்எம்எஸ் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் எஸ்எம்எஸ் அனுப்புவதற்கான கைப்பேசி எண் கணக்கோடு சேர்ந்தது; அக்ரிகேட்டர் தேடும் கைப்பேசி எண், வங்கி ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் வாடிக்கையாளர் எண்ணோடு (கஸ்டமர் ஐடி) சேர்ந்தது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அந்த வங்கியின் கணினிக்கு இல்லை. உள்ளே இருந்த அதிகாரி அம்மா பொறுமையாகத் தேடிப் பார்த்தார். வங்கி இன்னொரு வங்கியோடு இணைந்தபோது என் பெயரில் இரண்டு வாடிக்கையாளர் எண்கள் உருவாகியிருந்தன. ஒன்றின் கீழ் வைப்புத்தொகையும் இப்போதைய கைப்பேசி எண்ணும். மற்றொன்றின் கீழ் சேமிப்புக் கணக்கு. அதில் கைப்பேசி எண்ணுக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. கேஒய்சி புதுப்பித்த சமயத்தில் அழிந்திருக்கலாம் என்றார். பான் அட்டை, ஆதார் நகல்களுடன், இரண்டையும் ஒன்றாக்கக் கோரி ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். "எண்ணை மட்டும் சேர்த்துவிடுகிறேனே" என்று முதலில் வந்த யோசனையை அவரே வேண்டாம் என்றார்: ஒரே எண் இரண்டு வாடிக்கையாளர் எண்களில் இருந்தால் தேடலில் எது கிடைக்கும் என்று சொல்ல முடியாதாம்.

அடுத்த வாரம் கணக்கு பட்டியலில் வந்தது. வங்கி அனுப்பிய ஓடிபியைப் போட்டதும் இணைந்துவிட்டது. ஆனால் இடைப்பட்ட காலத்துப் பரிவர்த்தனைகளைச் செயலி கொண்டுவரவில்லை. புது ஒப்புதல் எந்தத் தேதியிலிருந்து கேட்கிறதோ அதிலிருந்துதான் தரவு வரும். விடுபட்டதை நெட்பேங்கிங்கில் ஸ்டேட்மென்ட் இறக்கித்தான் சேர்க்க வேண்டியிருந்தது.

இங்கே ஒரு தனிக் கூத்து. எக்செல் கோப்பு என்று பெயர் சொல்லி இறங்கியதை நோட்பேடில் திறந்தால் உள்ளே இருப்பது இணையப் பக்கத்தின் நிரல். லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்து சிஎஸ்வியாக (கமாவால் பிரித்த வெறும் உரைக் கோப்பாக) சேமிக்க வேண்டும். அதற்கு முன் மூன்று காரியம் உண்டு. லட்சத்துக்குப் போடும் கமாக்களை நீக்க வேண்டும். தேதியில் நாள் முதலில் வருகிறது என்று சொல்லித்தர வேண்டும், இல்லாவிட்டால் ஏப்ரல் 5 மே 4 ஆகிவிடும். மூன்றாவதுதான் ஆள் விழுங்கி: யுபிஐயின் 12 இலக்கக் குறிப்பு எண் தனி நெடுவரிசையில் இருந்தால், அதை உரை வடிவமாக மாற்றிய பிறகே சேமிக்க வேண்டும். எக்செலில் அப்படியே விட்டால் அது 1.23E+11 போன்ற அடுக்குக்குறி எண்ணாகச் சுருங்கி, சிஎஸ்வியில் பாதி இலக்கங்கள் காணாமல் போகும். அந்த எண்ணை வைத்துத்தான் இரட்டைப் பதிவுகளைக் களைய முடியும். ஒரே நாளில் ஒரே கடையில் இருபது ரூபாய்க்கு இரண்டு முறை டீ குடித்தால், தேதியும் தொகையும் பார்த்து எது நகல் என்று யார் சொல்வது?

மனைவியும் நானும் சேர்ந்து வைத்திருக்கும் கூட்டுக் கணக்கு இந்த வழியில் வரவே இல்லை. அதற்கு மாதம் ஒருமுறை இதே கோப்பு வேலைதான், க்னூகேஷில் ஏற்றிக்கொள்கிறேன். இலவச மென்பொருள், முகம் பழையது, ஆனால் முன்பு எந்தச் செலவை எந்தத் தலைப்பில் போட்டோம் என்று நினைவில் வைத்து அதுவே பரிந்துரைக்கிறது.

ஒப்புதலுக்குக் காலாவதித் தேதி உண்டு. அது முடிந்தாலும் இதே "பிறகு முயலவும்" செய்திதான் வரும். அந்தத் தேதியைப் பார்க்க அக்ரிகேட்டர் செயலியின் ஒப்புதல் பட்டியலுக்குள் போனபோது, எப்போதோ விசாரித்துவிட்டுக் கைவிட்ட ஒரு கடன் செயலிக்குக் கொடுத்த அனுமதி இன்னும் உயிரோடு இருப்பதைக் கண்டேன். நோக்கம், காலம், எத்தனை முறை எடுக்கலாம் எல்லாம் தெளிவாக எழுதியிருந்தது. அதை அங்கேயே ரத்து செய்துவிட்டேன். ஏற்கெனவே எடுத்துக்கொண்டதை அழிக்கச் சொல்லி அவர்களுக்குத் தனியாக மின்னஞ்சல் போட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.