வாடகைக்கு முன் கேட்ட கேள்வி

மதுரையிலிருந்து சென்னை சோழிங்கநல்லூரில் உள்ள அலுவலகத்திற்கு வேலை மாறியபோது, அதன் அருகிலேயே வீடு பார்த்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய பல அடுக்குமாடிக் குடியிருப்புகள் தண்ணீருக்கு லாரிகளை நம்பியிருப்பதையும், 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதித் தெருக்கள் மூழ்கியதையும் அறிந்தபின், வாடகையைக் கேட்பதற்கு முன்பே அந்தத் தெருவில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்று கேட்கத் தொடங்கினேன். இதற்குத் தரகரைவிட மளிகைக் கடைக்காரரும் இஸ்திரி போடுபவரும் ஒளிவுமறைவின்றிப் பதில் சொன்னார்கள். ஒருவர் சுவரில் இருந்த நீர்க்கறையையே காட்டினார். மகளுக்கு நடந்து செல்லும் தூரத்தில் பள்ளியும், அம்மாவுக்கு அருகிலேயே ஆஞ்சநேயர் கோயிலும் மருத்துவரும் அமைந்ததால், நங்கநல்லூரில் முதல் தளத்தில் குடியேறினோம். எனக்குப் பயண நேரம் கூடியிருக்கிறது. மகள் மாலையில் தெருவில் சைக்கிள் ஓட்டுகிறாள்.