எறிந்த தூரத்துக்கா, எறிந்த விதத்துக்கா மார்க்?

உடற்கல்வி மார்க் பட்டியலை உற்றுப் பார்த்தால், பல வகுப்புகளில் அது உயர வரிசை மாதிரியே இருக்கும். 13 வயதில் வளர்ச்சி வேகமெடுத்து ஓய்ந்த பிள்ளையும் இன்னும் தொடங்காத பிள்ளையும் ஒரே வகுப்பில் நிற்கிறார்கள். பந்து போன தூரத்தை டேப் வைத்து அளந்தால், மார்க் வளர்ந்ததற்குத்தான், கற்றதற்கு அல்ல.

தோளுக்கு மேலே கை வீசி எறிவதையே எடுத்துக்கொள்வோம். பார்க்க வேண்டியவை நான்கு. பக்கவாட்டாக நின்று தொடங்குகிறாரா? வலது கைக்காரர் என்றால் இடது கால் முன்னே வருகிறதா? இடுப்பு முதலில், தோள் பிறகு என்று திரும்புகிறதா? பந்தை விட்ட பிறகும் கை உடம்புக்குக் குறுக்கே இறங்குகிறதா? நான்கையும் ஒரே எறிதலில் பிடிக்க எந்தக் கண்ணாலும் முடியாது. முதல் 3 எறிதலில் நிற்பதையும் காலையும் பாருங்கள், அடுத்த 3-இல் இடுப்பையும் கையையும். மூன்றில் இரண்டு முறை தெரிந்தால் டிக். ஒரே ஒரு முறை என்றால் தற்செயலாக இருக்கலாம்.

இதில் அதிகம் சொதப்புவது, எறிபவர் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பதுதான். சுவர் 3 மீட்டரில் இருந்தால் யாருக்கும் உடம்பைத் திருப்பத் தேவையே இல்லை. முழங்கையை மட்டும் மடக்கி நீட்டிப் போட்டுவிடுவார்கள். சின்ன வட்டம் வரைந்து குறி பார்க்கச் சொன்னாலும் அதே கதை. 6 மீட்டர் தள்ளி நிறுத்தி, "முழு பலத்தோடு சுவரில் அடி" என்று மட்டும் சொல்லுங்கள்.

40 பேரையும் வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராகப் பார்ப்பது வேண்டாம். 39 பேர் சும்மா நின்று ஒருவரை வேடிக்கை பார்ப்பார்கள். வழக்கமான பயிற்சி நடக்கும்போதே பாடவேளைக்கு 8 பேர் என்றால், 5 பாடவேளையில் முடிந்துவிடும்.

ஆட்டத்தில் பார்க்க வேண்டியது வேறு. மூவருக்கு மூவர் ஆடவிட்டு, ஒருவரை மட்டும் 3 நிமிடம் கவனியுங்கள்: பந்து தன் அணியில் வேறொருவரிடம் இருக்கும்போது காலி இடத்துக்கு ஓடுகிறாரா, நின்றுவிடுகிறாரா? பந்தே வராத பிள்ளையையும் இப்படி மதிப்பிடலாம்.

பீப் டெஸ்டை (வரவர வேகமாகும் பீப் ஒலிக்கு ஏற்ப இரு கோடுகளுக்கு இடையே ஓடும் சோதனை) மார்க்காக மாற்ற வேண்டாம். போன பருவத்தில் அதே பிள்ளை எட்டிய நிலையோடு ஒப்பிட மட்டும் அது போதும்.

பிள்ளைகளே ஒருவரையொருவர் மதிப்பிடுவதென்றால் மூவர் குழு: எறிபவர், பந்து எடுப்பவர், பார்ப்பவர். "சரியாக எறிந்தானா?" என்று கேட்டால் நண்பனுக்கு எப்போதும் டிக்தான். "எந்தக் கால் முன்னே வந்தது?" என்று கேளுங்கள், பார்த்ததை எழுதிவிடுவார்கள்.