வெயில் காணாத முதலை

பிரேசிலின் மனவுஸ் நகரம் முடியும் வடக்கு எல்லையில் டுக்கே காப்புக்காடு தொடங்குகிறது. நூறு சதுர கிலோமீட்டர் அமேசான் மழைக்காடு. அங்கே ஓர் ஆராய்ச்சிக் குழுவுக்குக் களப்பணி உதவியாளனாகச் சேர்ந்தேன். இரவில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு, முழங்கால் ஆழ ஓடைகளில் ஷ்னைடர் குள்ளக் கெய்மன் என்ற சிறிய முதலையைத் தேட வேண்டும். வளர்ந்த ஆண்கூடப் பெரும்பாலும் ஒன்றே முக்கால் மீட்டரைத் தாண்டாது. பெண் அதைவிடச் சிறியது.

முதலை என்றால் மணல்திட்டில் வாயைப் பிளந்து வெயில் காய்வதுதான் நம் நினைவுக்கு வரும். இதற்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஓடைக்கு மேலே மரங்கள் கூரை வேய்ந்துவிடுகின்றன. பகலெல்லாம் கரைப் பொந்திலோ விழுந்த மரத்தடியிலோ கிடக்கும்.

தான் குளிர்ச்சியில் கிடந்துவிடலாம், முட்டை என்ன செய்யும்? காட்டுத்தரையின் சூடு போதாது. தாய் குவிக்கும் சருகு மட்கும்போது கொஞ்சம் சூடு வரும், அதுவும் பற்றாது. அதனால் பெரும்பாலும் கரையான் புற்றை ஒட்டியே சருகைக் குவித்து முட்டையிடுகிறது. கரையான்களின் வாழ்வே புற்றைச் சூடாக வைத்திருக்கிறது. ஆய்வாளர் வில்லியம் மாக்னுசனின் குழு இதே காட்டில் அளந்து 1985-இல் வெளியிட்ட செய்தி இது. கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதைதான். ஆனால் இங்கே கரையான்களை யாரும் விரட்டவில்லை. முட்டை பொரிய நூறு நாளுக்கு மேலாகும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் அந்தச் சூடே தீர்மானிக்கிறது.

ஆகவே முதலை வேலைக்கு வந்த நான், புற்றுக்குப் பக்கத்தில் வெப்பமானியைச் செருகி எண்களைக் குறித்தபடிதான் பல பகல்களைக் கழித்தேன். சலிப்பான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் இரவில் விளக்கொளியில் முதலையின் கண் மின்னுவதைக் கண்டு துள்ளுவதைவிட, ஓடைக்கரையில் ஒரு புற்றைப் பார்த்ததும் அதன் அடியில் சருகுமேடு இருக்கிறதா என்று குனியும் பழக்கம்தான் எனக்குப் பெருமையாக இருந்தது.

பிடிபட்டவற்றின் வயிற்றைத் தண்ணீர் விட்டுக் கழுவி, என்ன தின்றன என்றும் பார்ப்பார்கள். குஞ்சுகளுக்குப் பூச்சிகள். பெரியவை பாம்பு, பறவை, ஏன், முள்ளம்பன்றியைக்கூட விடுவதில்லை. மீனையே நம்பியிருக்கும் விலங்கு அல்ல இது.

கடந்த நூற்றாண்டில் தோல் வியாபாரிகள் கருங்கெய்மன்களை வேட்டையாடித் தீர்த்தபோது இதை விட்டுவிட்டார்கள். வயிற்றுச் செதிலுக்குள்ளும் எலும்புத் தகடு இருப்பதால் இந்தத் தோல் பைக்கும் செருப்புக்கும் உதவாது. எங்களுக்கும் அதே தொல்லைதான்: அடையாளத்துக்காக வால் செதிலை நறுக்கும்போது கத்தி எளிதில் இறங்காது, பிடித்துக்கொண்டிருப்பவர் அவசரப்படுத்துவார், வெட்டுபவர் திட்டுவார்.