மூன்று பெயரில் சிதறிக் கிடந்த என் கட்டுரைகள்

கோவையில் ஒரு கல்லூரியில் உணவு அறிவியல் நடத்துகிறேன். சொந்த ஊர் கவுந்தப்பாடிப் பக்கம். போன வருஷம் பதவி உயர்வுக்கு விண்ணப்பம் நிரப்பும்போது, ஸ்கோபஸில் (ஆய்வுக் கட்டுரைகளையும் அவற்றுக்கு வந்த மேற்கோள்களையும் தொகுத்துவைக்கும் இணையதளம்) எச்-இன்டெக்ஸ், அதாவது மேற்கோள்களை வைத்துப் போடும் மதிப்பெண், எவ்வளவு என்று ஒரு கட்டம் இருந்தது. தேடினால் 5 என்று காட்டியது, கீழே 9 கட்டுரைகள். நான் எழுதியதோ 15. மீதி 6 எங்கே?

என் பெயருக்குள்ளேதான் தொலைந்திருந்தன. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முனைவர் பட்ட ஆய்வுக் காலத்தில் வெறும் இனிஷியல் போட்டேன். அப்புறம் சில ஆய்விதழ்கள் குடும்பப் பெயர் கட்டாயம் என்றதால் அப்பா பெயரை முழுசாக எழுதினேன். கல்யாணத்துக்குப் பிறகு வந்த 2 கட்டுரைகளில் வீட்டுக்காரர் பெயர் சேர்ந்துகொண்டது. ஸ்கோபஸ் கணக்கில் நான் மூன்று பேர்.

எச்-இன்டெக்ஸ் 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. குறைந்தது 7 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 7 இருந்தால் எண் 7. கட்டுரைகள் பிரிந்து கிடந்தால் ஒவ்வொரு பெயரிலும் எண் சிறுத்துப்போகும். எனக்கு ஒன்றில் 5, இன்னொன்றில் 2, மூன்றாவதில் 1. மூன்றையும் ஒரே தாளில் இறங்குவரிசையில் எழுதி எண்ணினேன். 7 வந்தது. பத்து வருஷ உழைப்பில் இரண்டு படி காணாமல் போயிருந்திருக்கிறது.

சரிசெய்யக் காசு எதுவும் வேண்டியதில்லை. 'ஆத்தர் ஃபீட்பேக் விசார்ட்' என்று ஸ்கோபஸிலேயே ஒரு வசதி இருக்கிறது. பெயரை எந்தெந்த விதமாக எழுதியிருக்கிறோமோ அத்தனையையும் போட்டுத் தேடி, நம்முடைய பக்கங்களை டிக் செய்து, இனி எந்தப் பெயர் நிற்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். அனுப்பும் முன் ஒவ்வொரு கட்டுரையையும் திறந்து பாருங்கள். என் பட்டியலில் கோழித் தீவனம் பற்றி யாரோ எழுதியது ஒன்று இருந்தது. அவருக்கும் அதே பெயர், அதே இனிஷியல். அதை நீக்கச் சொன்னேன். அந்த மேற்கோள்கள் அவருக்குச் சேர வேண்டியவை. கூகுளின் ஆய்வுக் கட்டுரைத் தேடுதளமான ஸ்காலரில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம்; தானாகச் சேர்க்கும் வசதியை நிறுத்திவிட்டு, மின்னஞ்சலில் கேட்டுவிட்டுச் சேர்க்கும்படி மாற்றிவைத்தேன்.

ஆர்கிட் (ORCID) என்ற, ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணும் எடுத்தேன். 16 இலக்கம், இலவசம், பெயர் மாறினாலும் எண் மாறாது. இது 2012-லிருந்தே இருக்கிறது. முதல் கட்டுரை அனுப்பும்போதே எடுத்திருக்க வேண்டும். இப்போது என்னிடம் ஆய்வுக்கு வரும் பிள்ளைகளிடம், குறிப்பாகப் பெண்களிடம், முதல் வாரமே இதைச் செய்யச் சொல்லிவிடுகிறேன்.

சில வாரத்தில் பக்கங்கள் ஒன்றாயின. அன்றைக்குத்தான் யார் யார் என் கட்டுரையை எடுத்தாண்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் படித்தேன். அதிகம் மேற்கோள் வாங்கியது நாட்டுச் சர்க்கரைக் கட்டுரை. அது என் அப்பிச்சியின் (அம்மாவின் அப்பா) ஆலைக்கொட்டகையில் பிறந்தது. கொப்பரையில் கரும்புச் சாறு கொதிக்கும்போது வெண்டைச் செடித் தண்டை இடித்துப் பிழிந்து ஊற்றுவார். அந்தக் கொழகொழப்பு அழுக்கைப் பிடித்துக்கொண்டு கருநுரையாக மேலே வரும். அரிகரண்டியால் வழித்து எடுத்தால் அடியில் சாறு தெளிந்து பொன்னாக நிற்கும். "அழுக்கு தானா வரும் சாமி, அவசரப்படக் கூடாது" என்பார். அப்புறம் ஹைட்ரோஸ் என்ற வெளுப்பு ரசாயனம் வந்தது. தூவினால் சர்க்கரை வெளுக்கும், வெளுத்த சர்க்கரைக்குச் சந்தையில் விலை கிடைக்கும். வைத்திருந்தால் மறுபடி கறுத்துவிடும் என்பதும் வேண்டாத கந்தகம் அதில் தங்கும் என்பதும் வாங்குகிறவருக்குத் தெரியாது. அப்பிச்சி செய்ததைத்தான் நான் ஆய்வகத்தில் அளந்து எழுதினேன்.

மேற்கோள் பட்டியலில் கொலம்பியாக்காரர்கள் எழுதிய கட்டுரை ஒன்று இருந்தது. அங்கே நம் வெல்லம் மாதிரியே பனேலா காய்ச்சுகிறார்கள். சாற்றைத் தெளியவைக்க குவாசிமோ என்ற மரத்தின் பட்டையை நசுக்கி, அதன் கொழகொழப்பைச் சேர்க்கிறார்கள். வெண்டையும் குவாசிமோவும் ஒரே செம்பருத்திக் குடும்பம். இரண்டு ஊர்க்காரரும் ஒருவரையொருவர் பார்த்ததேயில்லை. ஆனாலும் ஒரே குடும்பத்துச் செடிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

விண்ணப்பத்தில் 7 என்று எழுதி அனுப்பிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கட்டுரையை அச்செடுத்து ஊருக்குக் கொண்டுபோனேன். இப்போது ஆலையை மாமா நடத்துகிறார். கொலம்பியாக் கொப்பரையின் படத்தை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். அடுப்பைக் காட்டி, "அங்கயும் சக்கையத்தான் எரிக்கறாங்களா கண்ணு?" என்றார். ஆமாம் மாமா என்றேன்.